காக்கையை அடிக்காத ஐந்து பேர்

இரண்டு வாரத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பிரிக்பீல்ட்ஸில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு காக்கையை அடிக்கப் போனார்கள். கோடாலி இருந்தது, வில் இருந்தது, மந்திரம்கூட இருந்தது. ஒருவராலும் முடியவில்லை.

பதறாதீர்கள்... போலீசுக்கும் போன் போட வேண்டாம். கோடாலி, வில், காக்கை எல்லாமே காகிதத்தில்தான்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் ஞாயிற்றுக்கிழமை வியாதி தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வாரம் முழுக்க நான் பிசியோதெரபிஸ்ட். ஊரார் முதுகையும் முழங்காலையும் பிடித்துவிடுவது தொழில். ஞாயிறு மதியம் கிளினிக்கின் மேல்மாடியில் ஒரு மேசையைச் சுற்றி ஆறு பேர் உட்காருவோம். ஆளுக்கொரு பாத்திரம் — ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். என்ன செய்யப் போகிறோம் என்று வாயால் சொல்லி, பகடை உருட்டி, நடந்ததா இல்லையா என்று பார்ப்போம். கதையை நடத்துவது நான். அசுரன், அரசன், ஆற்றங்கரைக் கிழவி — எதிரே யார் வந்தாலும் அவர்களுக்கான குரலும் என்னுடையதுதான்.

"ஐம்பது வயசுல இதெல்லாம் தேவையா?" என்று என் தங்கை கேட்டாள். அவள் தினமும் மூன்று சீரியல் பார்க்கிறாள். என்னுடைய சீரியலில் வில்லியை நானே கொல்லலாம். எது தேவலை?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெட்டாலிங் ஜெயாவில் விளையாட்டுக் கடை வைத்திருக்கும் லிம் என்ற நண்பர், இந்த வகை ஆட்டத்துக்கு நம் நாட்டிலேயே ஒரு புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்தார். ஆட்டக்காரர்கள் மனிதனாகத்தான் ஆட வேண்டும் என்பதில்லை. வேற்று இனங்களாகவும் ஆடலாம் — மர மனிதர், முதலை மனிதர், இப்படி. பறவை மனிதர்களுக்கு ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. பினாங்கிலிருந்து ஒரு குழு கழுகு மனிதர்களை அனுப்பியிருந்தது. நான் காக்கை மனிதர்களோடு போய் நின்றேன்.

"காக்கையா?" என்றார் லிம். அவர் பேசியது ஆங்கிலத்தில். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். வாக்கியத்தின் வாலில் அவர் ஒட்டும் 'லா'க்களை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன். "கழுகு எவ்வளவு கம்பீரம்லா. காக்கை குப்பைத் தொட்டியில இருக்கு."

நான் கிள்ளானில் வளர்ந்தவள். அங்கே காக்கைகள்தான் பெரும்பான்மைச் சமூகம். சாயங்காலம் லிட்டில் இந்தியா பக்கம் போனால் மின்கம்பியில் இடம் பிடிக்க அவை போடும் சண்டையைப் பார்க்கலாம். ஒரு காக்கை உங்கள் கையிலிருக்கும் வடையைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே... அந்தக் கணக்குப் போடும் மூளை கழுகுக்கு உண்டா? கழுகு அழகு. ஒத்துக்கொள்கிறேன். அழகாக இருப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். என் குஞ்சு உண்மையிலேயே பொன் என்பதுதான் என் வாதம்.

'காகர்' என்று பெயர் வைத்தேன். எட்டு மாதம் உழைத்தேன்.

முதலில் உடம்பு. பறக்கும் மனிதனைப் படம் போடுகிறவர்கள் பாதிப் பேர், முதுகில் இரண்டு இறக்கையை ஒட்டிவிட்டு, கைகளையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்த இறக்கையை எந்தத் தசை இழுக்கும்? தோள்பட்டை எலும்பில் எங்கே பிடிமானம்? முப்பது வருடமாகத் தோள்பட்டைகளோடு மல்லுக்கட்டுகிறவளிடம் இந்தக் கதை செல்லுமா? என் காகருக்குக் கைதான் இறக்கை. இறக்கையின் மடிப்பில் மூன்று விரல். மார்பு கப்பலின் அடிப்பாகம் மாதிரி முன்னால் துருத்தி நிற்கும். முழங்கால் பின்பக்கமாக மடியும் என்று எல்லோரும் நினைக்கும் இடம் உண்மையில் கணுக்கால் — அதையும் சரியாகப் போட்டேன்.

வால் இருப்பதால் சாய்வு நாற்காலியில் உட்கார முடியாது. அரசவையில் ராஜா ஆசனம் கொடுத்தால் காகர் ஸ்டூல் கேட்பார். மருந்துப் புட்டியை உறிஞ்ச உதடு கிடையாது. வாயில் ஊற்றி அண்ணாந்து விழுங்க வேண்டும். நேராக முறைக்க முடியாது. முறைக்க வேண்டுமென்றால் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால்தான். என் குழு இதையெல்லாம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு வந்தாலே உடம்புக்கு உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது பறப்பது. இங்கேதான் லிம்மோடு மாதக்கணக்கில் சண்டை.

"முதல் நாளே பறக்கிற ஆள் வந்துட்டா என் கோட்டைக்குச் சுவர் எதுக்குலா? ஆத்துக்குப் பாலம் எதுக்கு? குழி வெட்டினவன் எல்லாம் முட்டாளா?" என்பார்.

நியாயமான கேள்வி. வானத்தில் போகிறவனுக்கு வழியில் தடை ஏது? தடை இல்லாவிட்டால் கதை ஏது? எங்கள் குழுவில் தினேஷ் என்று ஒரு கணக்குப் புலி உண்டு. வங்கியில் கம்ப்யூட்டர் வேலை. அவன்தான் எடையைக் கூட்டி, தூரத்தைக் கழித்து வழி கண்டுபிடித்தான். காகர் உயரத்திலிருந்து சறுக்கி இறங்கலாம். தரையிலிருந்து எழும்பினால் ஒரு கூரை உயரம்தான். தோளில் மூட்டை ஏறினால் அதுவும் கிடையாது.

கடைசியாக, காகருக்கென்று ஒரு தனிச் சக்தி. சாப்பாடோ மருந்தோ கிடைத்தால், வாயில் வைக்குமுன் கரைந்து மற்றவர்களைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கும் எல்லோருடைய காயமும் கொஞ்சம் ஆறும். தனியாக விழுங்கினால் அன்றைக்கு அந்தச் சக்தி போச்சு. இதற்கு நான் யாரையும் கேட்கவில்லை. மொட்டை மாடியில் அப்பளம் காயப் போட்டவர் யாரும் இதை ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை.

லிம் வைத்த இறுதிப் பரீட்சை எளிமையானது. எந்த இனமாக இருந்தாலும் இரண்டு பக்கமும் ஆடிக் காட்ட வேண்டும். நம்மோடு ஒரு ஆட்டம், நமக்கு எதிராக ஒரு ஆட்டம். இரண்டிலும் சமநிலை தப்பக் கூடாது. ஞாயிறு அவரே வந்து உட்கார்ந்து பார்ப்பார். வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சுக்கு. காகர் தேறாவிட்டால் கழுகு உள்ளே போகும். அவ்வளவுதான்.

முதல் ஆட்டம் அல்வா மாதிரி போனது. தினேஷ் காகராக ஆடினான். குழியைத் தாண்ட முயன்று, முதுகில் மூட்டை இருந்ததால் விழுந்தான். லிம் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! அவர் புத்தகத்துக்காக வெட்டிய குழி அல்லவா. நான் மனசுக்குள் கழுகுக்கு டாட்டா காட்டிவிட்டேன்.

பிறகு இரண்டாவது ஆட்டம். ஒரு கல் பாலம். நடுவில் காவலுக்கு ஒரு கிழட்டுக் காகர், கையில் ஈட்டி. பாலத்தைத் தாண்ட வேண்டுமென்றால் அவரை வீழ்த்த வேண்டும். நான் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால் எல்லோரையும் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "யாரும் இந்தப் பக்கம் வரக் கூடாது" என்று கரகரத்தேன்.

"அடிங்கலா" என்றார் லிம், பேனாவைத் திறந்துகொண்டு.

தினேஷ் இப்போது வில்லாளி. "அக்கா... காத்து ரொம்ப அடிக்குதுல்ல? அம்பு தப்பா போயிரும். நான் அடுத்த ரவுண்ட் பாத்துக்கறேன்" என்றான். காற்று அடிக்கிறது என்று நான் சொல்லவே இல்லை.

அடுத்து மந்திரவாதி புனிதா. அரசு மருத்துவமனை நர்ஸ், நெருப்பு உருண்டை விடுவதில் கெட்டிக்காரி. "பேசிப் பாக்கலாமே. வயசானவரா வேற இருக்காரு" என்றாள். போன மாதம் இதைவிட வயதான ஒரு சூனியக்காரியை வீட்டோடு கொளுத்தியவள் இவள்.

மற்ற இருவரும் ஆளுக்கொரு சாக்கு. ஒருவருக்குச் செருப்பில் கல். இன்னொருவர் கழிப்பறைக்கே எழுந்து போய்விட்டார். பகடை மேசையில் சும்மா கிடந்தது. லிம் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

நல்லவேளை, அடுத்தது கவிதா.

கவிதா வழக்கறிஞர். கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயில் பிடித்து வாராவாரம் தவறாமல் வருகிறவள். ஆட்டத்தில் அவளுக்குக் கோடாலி. எங்கள் மேசையில் அவள் வெட்டாத ஜந்து கிடையாது. சரணடைந்தவனைக்கூட, "எழுத்துல குடுத்தானா?" என்று கேட்டுவிட்டு வெட்டியிருக்கிறாள். எல்லோரும் நிம்மதியாக அவள் பக்கம் திரும்பினோம்.

பகடையைக் கையில் எடுத்தாள். குலுக்கினாள். கீழே வைத்துவிட்டாள்.

"அக்கா, என் பையில சாப்பாடு இருக்கா?"

"இருக்கு. மூணு நாளைக்கு."

"கொஞ்சம் எடுத்து அந்தப் பாலத்துக் கல்லு மேல வைக்கிறேன்." நிறுத்தினாள். "வச்சிட்டு... பின்னால தள்ளிப் போய் நிக்கிறேன்."

ஏன் தள்ளி நிற்கிறாள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்தில் ஆள் நின்றால் காக்கை வராது என்பது நமக்குச் சொல்லித் தர வேண்டியதா என்ன?

இனி எழுதப் போவதைக் கவிதாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கங்கக்கா. என் வயச மட்டும் போட்டுறாதீங்க" என்றாள்.

அவளுடைய அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துப் பிடிவாதம் என்று அவளே சொல்வாள். கவிதா விவாகரத்து வாங்கிய நாளிலிருந்து மகளோடு பேச்சை நிறுத்தினார். பேசாமலே போய்ச் சேர்ந்தும் விட்டார். ஆண்டுத் திவசத்தன்று அண்ணன் வீட்டில் சோறு வைத்தார்கள். காக்கை வந்து எடுத்ததாம். கவிதா வாசலுக்கு வெளியே காரிலேயே உட்கார்ந்திருந்தாள். "உன் வீட்லயே ஒரு பிடி வைக்கலாமே" என்று நான் ஒருநாள் யதார்த்தமாகக் கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதில்:

"நான் வச்சு, அது வராமப் போச்சுன்னா என்னாக்கா செய்வேன்?"

நீதிமன்றத்தில் யாருக்கும் பயப்படாத பெண். ஒரு பிடி சோற்றை வைக்க அவளுக்குத் தைரியம் இல்லை. இப்போது, காகிதப் பாலத்தில், வைத்துவிட்டாள். வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

காக்கைக்கு முடிவு சொல்ல வேண்டியது நான் அல்லவா?

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காகர் ஈட்டியைத் தூக்கினால் சண்டை நடக்கும், பரீட்சை முடியும், என் எட்டு மாத உழைப்பு புத்தகத்தில் ஏறும். சாப்பிட்டால் சண்டை இல்லை. சண்டை இல்லாவிட்டால் பரீட்சை இல்லை. எதிரே லிம் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். இப்படிப்பட்ட நேரத்தில் பகடையை உருட்டி, வந்தது வரட்டும் என்று விட்டுவிடலாம். ஆட்ட விதி அதற்கு இடம் தருகிறது. கையில் எடுத்தும்விட்டேன். ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் 'வரவில்லை' என்று ஒரு பகடை சொல்லிவிட்டால்? உருட்டவில்லை. போனால் போகட்டும், புத்தகம்தானே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் எனக்கே ஆச்சரியம். வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

தலையை இந்தப் பக்கம் சாய்த்தேன். அந்தப் பக்கம் சாய்த்தேன். "ஈட்டியைக் கீழே வைக்கிறார்," என்றேன். "ஒரு தத்து... இன்னொரு தத்து. கல்லுக்கு வந்துவிட்டார். வாயில் வைக்கவில்லை. கழுத்தைத் தூக்கிக் கூப்பிடுகிறார். பாலத்துக்கு அடியிலிருந்து இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள். இப்போது... சாப்பிடுகிறார்."

விதிப்படி, சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்த எல்லோருடைய காயமும் கொஞ்சம் ஆறியது. தினேஷ் காகிதத்தில் எண்ணை மாற்றி எழுதினான். மூக்கையும் துடைத்துக்கொண்டான்.

கவிதா மெதுவாகக் கேட்டாள்: "சாப்டீங்களா?"

கோடாலிக்காரி எந்த எதிரியையும் இத்தனை மரியாதையாகக் கேட்டதில்லை.

"சாப்பிட்டேன்மா. நல்லா இருந்துச்சு," என்றேன். குரல் கரகரத்தது. நடிப்பு இல்லை.

லிம் பேனாவை மூடினார். "நிறுத்துங்கலா. யாராவது எனக்குச் சொல்றீங்களா? அஞ்சு பேர், ஒரு கிழட்டுப் பறவை. ஏன் ஒருத்தரும் அடிக்கல?"

தினேஷ்தான் விளக்கினான். போனவர்கள் காக்கையாக வருவார்கள் என்று, நாம் சோறு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவோம் என்று, அடிக்க ஓங்கினால் உள்ளே யாரோ கையைப் பிடிக்கிறார்கள் என்று. சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றியது. எட்டு மாதம்! எடை பார்த்தோம், தசை பார்த்தோம், வாலுக்கு ஸ்டூல் பார்த்தோம். காக்கையை அடிக்கத் தமிழனுக்குக் கை வருமா என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. நம்மோடு கூடவே இருக்கும் வழக்கம் நம் கண்ணில் படுவதே இல்லை. அதைப் பார்க்கப் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது.

லிம் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். "எங்க வீட்லயும் தாத்தாவுக்குச் சாப்பாடு வைப்போம்," என்றார் பிறகு. "ஆனா அவர் பறந்து வந்து சாப்பிட மாட்டாருலா."

அப்புறம் வியாபாரியாகிவிட்டார். "பறக்கிறது ரொம்ப பலம்னு உங்ககூட எத்தனை மாசம் சண்டை போட்டேன்! அது ஒண்ணுமே இல்லலா. யாராலும் அடிக்க முடியாத எதிரி... இதுதான் ரொம்ப பலம். பரீட்சைல ஃபெயில்."

அவர் முடிக்கவில்லை.

"உங்க ஆளுங்களுக்கு விதியே வேணாம். மத்தவங்களுக்கு அந்தத் தயக்கத்தை விதியா எழுதுங்க, ஆனா அடிக்க நினைச்சா அடிக்கவும் முடியணும். நீங்க பக்கத்துல நின்னு விளக்காமலே புரியணும். புதன்கிழமை என் கடைல, தமிழ் தெரியாதவங்கள வச்சு ஆடிப் பாக்கறேன். அவங்க யோசிக்காம வெட்டித் தள்ளினா, கழுகுதான்."

திங்கட்கிழமை இரண்டு முதுகு வலிக்கும் ஒரு கழுத்துப் பிடிப்புக்கும் நடுவில் எழுதினேன். நான்கு வரி. 'ஒவ்வொரு காகருக்கும், அவர் வருவார் என்று சோறு வைத்துக் காத்திருக்கும் வீடு ஒன்று உண்டு. காகரை யாராவது தாக்கப் போனால், கதை நடத்துபவர் முதலில் அந்த வீட்டைச் சொல்ல வேண்டும். யார் காத்திருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். அதன் பிறகு தாக்குவது ஆட்டக்காரர் விருப்பம்.'

புதன்கிழமை கிளினிக்கில் எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு பெரியவரின் நல்ல முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டேன். அவரும் பெருந்தன்மையாக, "இதுவும் நல்லாதான்மா இருக்கு" என்றார்.

சாயங்காலம் லிம் போன் செய்தார். நான்கு பேர் ஆடினார்களாம். மூன்று பேர் வீட்டைப் பற்றிக் கேட்டதும் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். ஹஃபிஸ் என்ற பையன் மட்டும் வெட்டிவிட்டான். வெட்டியவன் அதன் பிறகு புதையலைத் தேடிப் போகவில்லை. அந்த வீட்டைத் தேடிப் போனானாம். கதவைத் தட்டி, காத்திருந்தவரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றிருக்கிறான். மீதி ஆட்டம் முழுக்க அதுதான்.

"இத்தனை வருஷத்துல, சண்டை முடிஞ்ச பிறகு என் மேசைல கதை தொடங்கினது இதுதான் முதல் தடவைலா," என்றார் லிம். "காக்கையைப் போடறேன்."

நான் போனை வைத்துவிட்டு ஆடினேனா என்று கேட்காதீர்கள். ஐம்பது வயது முதுகு; பிசியோதெரபிஸ்டாக இருந்தாலும் அதற்கு எல்லை உண்டு.

வியாழக்கிழமை மதியம் கவிதா அழைத்தாள். நீதிமன்றத்து வராந்தாவில் நின்றுகொண்டு பேசுகிறாள் என்பது பின்னணிச் சத்தத்தில் தெரிந்தது.

"அக்கா, கோடாலிக்காரி போதும். அடுத்த ஆட்டத்துல நான் காகரா வரேன்."

"வாயேன். விதி தெரியும்ல? உனக்குக் காத்திருக்கிற வீட்டைச் சொல்லணும்."

யாரோ வழக்கு எண் கூப்பிடுவது கேட்டது.

"கிள்ளான். ஏழாவது மாடி. என் வீடுதான்."

பேனாவை எடுத்து எழுதிக்கொண்டேன்.

"அப்பாவுக்காக மகள் காத்திருக்கிறாள்னு போட்டுக்கங்க," என்றாள். "காலைல ஒரு பிடி வச்சிட்டுத்தான் கோர்ட்டுக்கு வந்தேன். இன்னும் வரலையோ என்னமோ, தெரியல. பரவால்ல. ஆனா அக்கா... விதியில ஒரு வரி சேக்க முடியுமா? அந்த வீட்டு பால்கனி கதவு எப்பவும் திறந்தே இருக்கும்னு."

உடனே லிம்முக்கு அனுப்பினேன். காரணம் கேட்காமல் சேர்த்தார்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போய்விட்டது. இனி எந்தப் பிடிவாதக்கார அப்பா வந்தாலும் சரி... அந்தக் கதவை யாராலும் சாத்த முடியாது.